பனி ஊர்ப் பிள்ளைகள்: நான்கில் எதை முதலில் பார்ப்பது?

“அண்ணை, முப்பதாம் திகதி மகள் ஒரேஞ்ச் சேர்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேணுமாம். ஏனெண்டு கேட்டா அவளுக்கும் வடிவாச் சொல்லத் தெரியேல்ல, எனக்கும் தெரியேல்ல. ரெண்டுபேரும் சேந்திருந்து பாக்கக்கூடிய படம் ஒண்டு சொல்லுங்கோ.”

செப்டெம்பர் பிறந்தால் இப்படி நாலைந்து அழைப்பாவது வரும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் மாதம் ஒரு படம் போடுகிறோம். கதிரை அடுக்குவதும் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. அதனாலேயே படம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர்.

சேர்ட்டின் கதை இதுதான். 1973இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு அவளுடைய பாட்டி ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வில்லியம்ஸ் லேக் அருகே இருந்த உறைவிடப் பள்ளியில் முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவேயில்லை. இப்படி 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைக் கனடா வீட்டிலிருந்து பிரித்து அந்தப் பள்ளிகளில் வைத்தது. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். 2021 முதல் செப்டெம்பர் 30 அந்தப் பிள்ளைகளுக்கான தேசிய நினைவு நாள்; அன்று செம்மஞ்சள் சட்டை போடுவது அதற்காகத்தான்.

இதைச் சொல்லும் ஆவணப்படங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளையை முதல் நாளே அழுகைச் சாட்சியங்களின் முன்னால் இருத்தினால் அது இன்னொரு பாடமாகிவிடும். பிள்ளை தலையாட்டிவிட்டு போனைப் பார்க்கும். தன் வயதில் ஒருத்தி, தோழியோடு சண்டை, தகப்பனைப் பார்த்து வெட்கம், இந்த ஊரைவிட்டுப் போய்த் தொலைந்தால் போதும் என்ற எரிச்சல்: அங்கிருந்து தொடங்கினால்தான் கதை உள்ளே போகும். அதனால் வடக்கத்திச் சிற்றூர்களில் பூர்வகுடிப் பதின்வயதினர் வளரும் கதைகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். ‘சாமி ப்ளட்’, ‘த கிரிஸ்லீஸ்’, ‘ஸ்லாஷ்/பேக்’ மூன்றும் படங்கள். நான்காவது ‘சன் ஒஃப் எ ட்ரிக்ஸ்டர்’ நாவலும் அதிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரும்.

எதை வைத்து அளப்பது

விருதுக் கணக்கை நான் பார்ப்பதில்லை. நான்குக்குமே பாராட்டு கிடைத்தது, அது தெரிவுக்கு உதவாது. நான் கேட்பவை வேறு.

கமரா யாருடைய தோளுக்குப் பின்னால் நிற்கிறது? ஊர்ப்பிள்ளையின் தோளுக்குப் பின்னாலா, ஊருக்கு வந்தவரின் தோளுக்குப் பின்னாலா? என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

ஊர் கதைக்குள் இருக்கிறதா, அல்லது பனி மூடிய அழகான திரைச்சீலையா? ஊரைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் கதை நடக்கும் என்றால் எனக்கு அதில் ஆர்வம் குறைவு.

பக்கத்தில் இருக்கப்போவது யார்? எட்டாம் வகுப்பு மகளா, ஆங்கில எழுத்து ஓடும் வேகத்துக்கு வாசிக்க முடியாத அம்மாவா, தனியாக நீங்களா?

கடைசியாக, டிக்கட்டில் எழுதாத செலவு. முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை, பாதியில் நிறுத்தி விளக்க வேண்டியவை, முடிந்தபிறகு இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையோடு கதைக்க வேண்டியவை.

| | சாமி ப்ளட் | த கிரிஸ்லீஸ் | ஸ்லாஷ்/பேக் | சன் ஒஃப் எ ட்ரிக்ஸ்டர் |
|---|---|---|---|---|
| வெளிவந்தது | 2016 | 2018 | 2022 | நாவல் 2017, தொடர் 2020 |
| ஊரும் காலமும் | வட சுவீடன், 1930கள் | குக்லுக்டுக், நூனவுட், 2004 | பங்னர்ட்டங், நூனவுட், இன்று | கிட்டிமட், பிரிட்டிஷ் கொலம்பியா, இன்று |
| யாருடைய கண் | பதினான்கு வயதுச் சாமிப் பெண் | பெருமளவு புதிய ஆசிரியர் | இனுயிட் சிறுமிகள் | பதினாறு வயது ஹைஸ்லாப் பையன் |
| எடுக்கும் நேரம் | இரண்டு மணிக்குச் சற்றுக் குறைய | ஒன்றே முக்கால் மணி அளவில் | ஒன்றரை மணி | நாவலுக்கு ஒரு வாரம். தொடர் ஆறு பகுதி |
| என் வயதுக் கணக்கு | 15க்கு மேல் | 15க்கு மேல், பெரியவரோடு | 13க்கு மேல் | 17க்கு மேல் |
| மறைந்த செலவு | துணைத்தலைப்பு, சரித்திரம் | தற்கொலை பற்றிய பேச்சு | கெட்ட வார்த்தை, ரத்தம் | வசவு, போதை. தொடர் பாதியில் நிற்கும் |

சாமி ப்ளட்

பெயரைச் சொன்னதும் எங்கள் கட்டடத்து ஐயா ஒருவர் பக்திப் படமா என்று கேட்டார். சாமி என்பது நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் வடபகுதிகளில் வாழும் பூர்வகுடியின் பெயர். அவர்களில் ஒரு பகுதியினர் கலைமான் மேய்ப்பவர்கள். இயக்குநர் அமண்டா கெர்னெலின் தகப்பன் தென் சாமி இனத்தவர். நாயகி எல்லே-மார்யாவாகவும் அவளுடைய தங்கை நியென்னாவாகவும் நடித்திருப்பவர்கள் நிஜ அக்கா தங்கை, கலைமான் வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் பேசும் தென் சாமி மொழியை இன்று பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடை நான்கில் எதனிடமும் இல்லை.

கதை 1930களில் நடக்கிறது. கலைமான் மேய்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாகப் படிப்பிக்கச் சுவீடன் 1913இல் சட்டம் போட்டு ‘நாடோடிப் பள்ளி’களை வைத்தது. நன்றாகப் படிக்கிற எல்லே-மார்யா அங்கே இருக்கிறாள். 1922இல் உப்சாலா நகரில் தொடங்கிய அரச இன உயிரியல் நிறுவனம் நிஜமாகவே சாமிகளின் மண்டையை அளந்து படம் பிடித்துத் திரிந்தது. படத்தில் அப்படி ஒரு குழு பள்ளிக்கு வருகிறது. பெரிய விருந்தினர் வருகிறார்கள் என்று பிள்ளைகள் நல்லுடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வந்தவர்கள் மண்டையை அளக்கிறார்கள், பிறகு உடுப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பையன்கள். கமரா அவளுடைய முகத்தைவிட்டு நகருவதில்லை. படம் எடுத்தவர்கள் தவறு செய்யவில்லை, ஆனாலும் பக்கத்தில் பிள்ளை இருந்தால் உங்களுக்கு மூச்சு முட்டும். பதினைந்து என்று நான் எழுதியது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் படம் நின்றது வேறோர் இடத்தில். எல்லே-மார்யா உப்சாலாவுக்கு ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு, சுவீடிஷ் பெண்ணாக நடித்துத் திரிகிறாள். ஒரு பையனின் பிறந்தநாள் விருந்து. மானுடவியல் படிக்கும் பெண்கள் சிலர் அவளைச் சூழ்ந்து ‘யொய்க்’ பாடிக்காட்டச் சொல்கிறார்கள். அது சாமிகளின் பாட்டு முறை. கேட்டவர்களின் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, அன்பாகத்தான் கேட்கிறார்கள். அவள் பாடுகிறாள். நடு அறையில், எல்லோரும் வட்டமாக நின்று பார்க்க.

என் மகள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். “என்னட்டயும் கேட்டவை,” என்றாள். எட்டாம் வகுப்பில் ஒரு தோழியின் பிறந்தநாளாம். உங்கட பாஷையில ஏதாவது சொல்லு என்றார்களாம்.

“நீ என்ன சொன்னனீ?”

“முருங்கைக்காய்.”

சிரித்தோம். அவள் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டாள்.

அவர்களுக்கு நடந்ததும் நமக்கு நடப்பதும் ஒன்றல்ல. நம் பிள்ளைகளின் மண்டையை இங்கே ஒருவரும் அளக்கவில்லை. ஆனால் சொந்த மொழியை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு விருந்தில் நிற்பது எப்படி என்று நம் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். படம் முழுக்கச் சாமியும் சுவீடிஷும். இரண்டுக்கும் ஒரே மாதிரித் துணைத்தலைப்பு ஓடினால், அவள் எப்போது மொழி மாறுகிறாள் என்பது காதில் விழாது. படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. தொடங்குமுன் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். அம்மாவோடு பார்த்தபோது நான் வரிக்கு வரி தமிழில் சொல்லி, படம் மூன்று மணி நேரம் ஓடியது. இன்னொன்று: இது சுவீடன். கனடாவின் சட்டையைப் பற்றிக் கேட்ட பிள்ளைக்கு நேரடி விடை இதில் இல்லை. அதே இயந்திரத்தின் வேறொரு தொழிற்சாலையைக் காட்டுகிறது.

த கிரிஸ்லீஸ்

குக்லுக்டுக் கனடாவின் வடக்கே, நூனவுட் பிரதேசத்தின் ஆர்க்டிக் கரையில், கொப்பர்மைன் ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கும் ஊர். 2004இல் ரஸ் ஷெப்பர்ட் என்ற இளம் ஆசிரியர் தெற்கிலிருந்து வருகிறார். வகுப்பில் பாதிக் கதிரை காலி. ஒருவன் குடும்பத்துக்காக வேட்டைக்குப் போயிருக்கிறான். இன்னொருவன் வீட்டில் குடி, தம்பியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்ளும் ஊர். வலை கட்டிய கோலால் பந்தெறிந்து ஆடும் லக்ரோஸ் ஆட்டத்துக்கு ஆசிரியர் ஒரு குழு தொடங்குகிறார். நிஜக் கதையைத் தழுவிய படம்.

படம் ஓடுகிறது, அலுக்காது. விளையாட்டுப் படத்துக்குரிய சூடு இருக்கிறது. அவர்கள் ரொறன்ரோவுக்கு ஆட வரும்போது நமக்கும் சொந்த ஊருக்கு விருந்தாளி வந்த சந்தோஷம். லக்ரோஸ் பூர்வகுடி ஆட்டம்தான், ஆனால் இந்த ஊரின் இனுயிட் மக்களுடைய ஆட்டமல்ல. கிழக்கே ஹொடனொஷோனி போன்ற மக்களுடையது. ‘அவர்களின் சொந்த ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்த படம்’ என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கண்கலங்கிப் பேசினார்; நான் திருத்தவில்லை, இப்போது திருத்துகிறேன்.

என் தயக்கம் தெற்கிலிருந்து வந்த நல்லவர் ஊரைத் தூக்கி நிறுத்தும் கதை என்பதில். அந்தக் கதையை நாம் எத்தனையோ தரம் பார்த்தாயிற்று. படத்துக்கு நியாயமாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆசிரியரைப் படமே பலமுறை முட்டாளாக்குகிறது. பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே தாத்தா பாட்டிகள் ஏன் முகத்தைத் திருப்புகிறார்கள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைக்கிறது. செம்மஞ்சள் சட்டைக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள தொடர்பு அந்த முகத் திருப்பலில் இருக்கிறது. இரண்டு, தயாரிப்பாளர்களில் அலெத்தேயா அர்னாக்கக்-பாரில், ஸ்டேசி அக்லொக் மக்டொனால்ட் இருவரும் இனுயிட் பெண்கள். 2025இல் வந்த ‘நோர்த் ஒஃப் நோர்த்’ என்ற நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர்களும் இவர்களே. கிரிஸ்லீஸில் ஸ்பிரிங் என்ற மாணவியாக வந்த அனா லாம்ப் அதில் நாயகி. நாயகி இளம் தாய் என்பதால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மறைந்த செலவு இங்கேதான் பெரிது. தற்கொலை சும்மா ஒரு திருப்பமாக வரவில்லை, படம் முழுக்க இருக்கிறது. நூனவுட்டில் அந்த விகிதம் கனடாவின் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் அதைத் தவிர்த்துக் கதை சொல்லவும் முடியாது. நாங்கள் பார்ட்டி ரூமில் போட்டபோது ‘விளையாட்டுப் படம், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்’ என்று லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டினேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு தகப்பன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். பிழை முழுக்க என்னுடையது. இப்போது கதவிலேயே எழுதி ஒட்டுகிறேன், கீழே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும். கனடாவில் எங்கிருந்தும் அந்த எண்ணுக்கு அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

ஸ்லாஷ்/பேக்

வேற்றுக்கிரகவாசிகள் பங்னர்ட்டங்கில் இறங்குகிறார்கள். அவர்களை அடிக்க வேண்டியது நாலைந்து சிறுமிகள். ஆம், பேய்ப்பட வகை. ‘இதையா நினைவு நாளுக்கு?’ என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்கவும்.

பங்னர்ட்டங் பாஃபின் தீவில் இருக்கிறது. ஏறக்குறைய 1,500 பேர், வெளியூருக்குத் தெரு கிடையாது. ஜூன் மாதத்தின் நீண்ட பகலில் கதை நடக்கிறது. அந்த நாட்களில் அங்கே இரவு இருட்டாவதில்லை. பேய்ப்படம் இருட்டை நம்பி நிற்பது. இங்கே முகமூடிபோல் மனிதத் தோலைப் போர்த்திய ஜந்து, பட்டப்பகலில், நீல வானத்தின் கீழ், கால் கோணிக்கொண்டு நடந்து வருகிறது. பெரியவர்கள் எல்லோரும் நடன நிகழ்ச்சியில். ஊரை எடுத்துவிட்டால் இந்தக் கதை இல்லை.

நாயகி மைகாவுக்கு ஊரும் பிடிக்காது, தகப்பன் வேட்டைக்காரர் என்பதும் பிடிக்காது. அவருடைய துப்பாக்கியை எடுக்க வேண்டிய நிலைமை வருகிறது, அதோடு அவர் கற்றுக்கொடுத்ததும் கைக்கு வருகிறது. இயக்குநர் நைலா இனுக்சுக் ஒரு இனுயிட் பெண். சிறுமிகளில் பலர் அதுவரை கமரா முன்னால் நடித்திராதவர்கள். அது தெரிகிறது: சில வசனங்கள் பள்ளி நாடகம் மாதிரி விழுகின்றன. எனக்கு அது குறையாகப் படவில்லை. சைக்கிளில் போய்க்கொண்டே ஒருத்தியை ஒருத்தி நையாண்டி பண்ணும் காட்சிகளில் நடிப்பு என்று ஒன்றுமே தெரியாது.

செலவு: ஆங்கில வசவுகள் தாராளம், ரத்தம், கிராபிக்ஸ் சில இடங்களில் ஏழ்மையாக இருக்கும். உறைவிடப் பள்ளி பற்றி அதிகம் கிடைக்காது. அதைச் சொல்லவேண்டிய வேலை உங்களுடையது. ஆனால் பூர்வகுடிப் பிள்ளை என்றால் பாவம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும் மகளுக்கு, முதலில் சண்டை போடும் பிள்ளைகளைக் காட்டுவது பெரிய காரியம்.

சன் ஒஃப் எ ட்ரிக்ஸ்டர்: புத்தகமா, தொடரா?

இது தனக்குள்ளேயே இன்னொரு தெரிவு. எழுதியவர் ஈடன் ரொபின்சன், ஹைஸ்லா-ஹைல்ட்சுக் மக்களைச் சேர்ந்தவர். கிட்டிமட் 1950களில் அலுமினிய உருக்காலைக்காகத் திட்டமிட்டுக் கட்டிய நகரம்; ஹைஸ்லா மக்களின் கிட்டமாட் கிராமம் கடற்கழியின் மறுகரையில். ஜாரட்டுக்குப் பதினாறு வயது. கஞ்சா பிஸ்கட் சுட்டு விற்கிறான், அந்தக் காசில் தாய்க்குத் தெரியாமல் தகப்பனின் வாடகையைக் கட்டுகிறான். பக்கத்து வீட்டு முதியவர்களுக்குப் பனி வழிக்கிறான். தாய் மேகி அன்பான பயங்கரம்: மகனின் விலா எலும்பை உடைத்த காதலனின் பாதங்களை ஆணித் துப்பாக்கியால் தரையோடு அறைந்தவள். அம்மம்மாவோ, இவன் மனிதப் பிள்ளையே அல்ல, வீகிட் என்ற மாயக் காகத்தின் மகன் என்கிறாள்.

நாவலின் முதற்பாதியில் மாயம் வருமா வராதா என்று காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் ‘என்ன, ஒரே குடியும் டெக்ஸ்டும்’ என்று மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். வறுமையைப் பற்றி இவ்வளவு சிரிக்க வைத்து எழுதியவர்கள் குறைவு. அது முத்தொகுதியின் முதல் நூல்; மற்றவை 2018இலும் 2021இலும் வந்து கதை முடிந்தும்விட்டது.

‘ட்ரிக்ஸ்டர்’ தொடர் 2020இல் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியில் வந்தது. ஆறு பகுதி, நல்ல வேகம், ஜாரட்டாக ஜோயல் உலெட், மேகியாக கிறிஸ்டல் லைட்னிங். ஆனால் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர் தன்னைப் பூர்வகுடி என்று சொல்லிவந்தது கேள்விக்குள்ளாகி 2020 டிசம்பரில் அவர் விலகினார். 2021 ஜனவரியில் சிபிசி இரண்டாம் பருவத்தைக் கைவிட்டது. ஆறாம் பகுதி ஒரு கேள்வியோடு நிற்கிறது, நின்றது நின்றதுதான். என் கணக்கில் புத்தகம், சந்தேகமே இல்லாமல். ஆங்கில நாவல் வாசிக்கச் சலிப்பவர் மட்டும், பாதிக் கதைக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு தொடருக்குப் போகலாம்.

யாருக்கு எது

எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு முதல் தடவை என்றால் ஸ்லாஷ்/பேக். நீங்கள் ஒருமுறை முன்கூட்டிப் பார்த்துவிட்டு.

பதினைந்து தாண்டிய பிள்ளை, அதுவும் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை என்றால் சாமி ப்ளட். ஒரே ஒன்றுதான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் பெரியவருக்கும் அதுவே.

கிரிஸ்லீஸ் பள்ளி, விளையாட்டுக் கழகம், கூட்டமாகப் பார்ப்பவர்களுக்கு. படம் முடிந்ததும் எழுந்து போகாமல் இருந்து கதைக்க அரை மணி நேரம் இருந்தால் மட்டும். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன், படத்து ஆசிரியர் படிக்கும் பாடம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

தனியாக, நீண்ட குளிர்கால இரவுகள் என்றால் நாவல். எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துச் சந்தா சேராதீர்கள். நூலக அட்டையோடு வரும் இலவசச் சேவைகளிலும் டிவிடி அடுக்கிலும் முதலில் தேடுங்கள். எந்த மாதம் எது எங்கே இருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

அழைத்த தங்கச்சிக்கு ஸ்லாஷ்/பேக் சொல்லி, வசவைப் பற்றியும் எச்சரித்தேன். “அதெல்லாம் பஸ்ஸிலயே பழகியிருப்பாள்” என்றார். ஞாயிறு இரவு பன்னிரண்டுக்குப் பக்கத்தில் குறுஞ்செய்தி வந்தது: “அண்ணை, வெள்ளைக்கரடி வந்த இடத்தில கத்தினது நான்தான். மகள் சிரிக்கிறாள். உந்த ஊர்ப் பிள்ளையளுக்கும் அம்மம்மா இருந்திருப்பினமே, அவை எந்தப் பள்ளிக்கூடம் போனவை எண்டு கேக்கிறாள். இப்ப நான் என்ன சொல்ல?”